எழுத்தில் இடறும் மாணாக்கர்

1896-ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கில் இடர்ப்படாதவன், கண்பார்வை நன்று, ஆயினும் தன் பெயரையே பிழையாக எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாக அமையின் பள்ளியில் அவனே முதல்வன் என்றார் அவன் ஆசிரியர்.

டிஸ்லெக்ஸியா எனப்படும் இக்குறை அறிவின்மையும் அன்று, சோம்பலும் அன்று. எழுத்தை ஒலியோடு இணைப்பதில் நேரும் இடர்ப்பாடேயாகும். இதனை உணராது ஏசினால், வகுப்பில் உரக்கப் படிக்க அஞ்சும் சிறுவன், தான் மூடனென்றே நம்பிவிடக்கூடும்.

ஆதலின், முதலில் கண்ணையும் செவியையும் சோதிப்பிக்க. எழுத்தொலிகளைப் படிப்படியாகக் கண்டும் கேட்டும் எழுதியும் பயிலச் செய்க. பாட அறிவை வாய்மொழியாகவும் வினவி அறிக. இக்குறையை விரைவில் கண்டறிதல் கல்வி நிலையங்களின் கடமையென 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் விதிக்கின்றது.