முதல் செலவு ரேமுக்கு!

ஃபோட்டோஷாப்பில் கல்யாணப் பத்திரிகை, பேனர் டிசைன் செய்கிறேன். இரவில் கேம் ஆடுவேன். டெஸ்க்டாப் அசெம்பிள் செய்ய எந்தப் பாகத்துக்கு அதிகம் செலவிடலாம்? – வாசகர், திருவொற்றியூர்.

முதலில் ரேம். பெரிய பேனர் ஃபைல் திணறுவது பெரும்பாலும் அங்கேதான். 16 ஜிபி இரண்டு, ஜோடியாகவே வாங்குங்கள். பிராசசருக்கு 6 கோர் உள்ள ரைசன் 5 7600 தாராளம். அதே ஏஎம்5 போர்டில் பிற்பாடு பெரியதை மாட்டிக்கொள்ளலாம். கிராஃபிக்ஸ் கார்டு உங்கள் கேமுக்குத்தான் முக்கியம். 1080பி திரைக்கு 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5060 போதும். மிச்சத்தை நல்ல ஐபிஎஸ் மானிட்டரில் போடுங்கள். திரையில் ஒரு சிவப்பு, அச்சில் வேறு சிவப்பு என்றால் கல்யாண வீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்!

கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் வேண்டவே வேண்டாம். பெயர் பெற்ற கம்பெனியின் 650 வாட் வாங்குங்கள்.

உங்கள் பக்கம் கடலின் உப்புக்காற்றும் லாரிப் புழுதியும் சேர்ந்து போர்டை அரிக்கும். தூசி வடிகட்டியுள்ள கேபினெட்டை எடுத்து, கடல் பார்த்த ஜன்னலை விட்டுத் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். மாதம் ஒருமுறை ப்ளோயர் அடியுங்கள்.

பாகங்கள் வாங்க, மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடை தூரம். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்கள். வாரண்டி கேட்கும்போது அதுதான் பேசும்.