பசித்து அழும் குழந்தை

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் ஓர் இளம் குடும்பம். ஏழு மாதக் குழந்தை. பால் குடித்தால் மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும். எடை ஏறவில்லை. பாட்டி திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

ஜெயதேவா இருதய மருத்துவமனையில் எக்கோ எடுத்தார்கள். இதயத்தில் ஓட்டை! அறுவைச் சிகிச்சை வேண்டும். பி.பி.எல். ரேஷன் கார்டு இருந்தது. ஆரோக்கிய கர்நாடகா திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கும்.

“4 மணி நேரத்துக்கு முன்பே தாய்ப்பாலை நிறுத்துங்கள்” என்றார் நர்ஸ்.

குழந்தை வீறிட்டு அழுதது. “ஒரே ஒரு வாய் கொடும்மா” என்றாள் பாட்டி. தாய் கொடுக்கவில்லை. மயக்கத்தில் வயிற்றுப் பால் மேலே வரும், நுரையீரலுக்குள் போகும். அது உயிருக்கே ஆபத்து. தந்தை குழந்தையைத் தோளில் போட்டு நடந்தார்.

டாக்டர் வந்தார். “கடைசியாக எப்போது பால் கொடுத்தீர்கள்?”

தாய் சீட்டை நீட்டினாள். அவளே எழுதியது: விடியற்காலை 4 மணி.