பிரான்ஸ் பள்ளியில் ஆங்கில உதவியாசிரியர் வேலை: கிளம்பும் முன் அக்கா சொல்லும் டிப்ஸ்

தங்கச்சி, பிரெஞ்சு படிக்கும் நம் பிள்ளைகளில் பலருக்கு இப்படியொரு வழி இருப்பதே தெரியவில்லை. பிரான்ஸ் தன் பள்ளிப் பிள்ளைகளை வேற்றுமொழிகளில் பேச வைக்க, அந்தந்த மொழி புழங்கும் நாடுகளிலிருந்து இளைஞர்களை உதவியாசிரியர்களாக அழைத்துக்கொள்கிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் பண்பாட்டுப் பரிமாற்றத் திட்டம் இது. ஆங்கிலத்துக்கு இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்கிறார்கள். வழக்கமாக அக்டோபர் முதல் ஏப்ரல் வரை 7 மாதம், வாரத்துக்கு 12 மணி நேரம் வகுப்பு. பிடித்தம் போக மாதம் ஏறக்குறைய 800 யூரோ கைக்கு வரும். பிரெஞ்சு பி1 என்ற இடைநிலை அளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும். சென்னை நுங்கம்பாக்கத்திலும் புதுச்சேரியிலும் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸில் படித்து டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வு எழுதலாம். விமான டிக்கெட் நம் செலவு.

நான் போய் வந்தவள். கேட்டு வருகிற பெண்களுக்குச் சொல்வதை உனக்கும் சொல்கிறேன்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது

விண்ணப்பத்தில் எந்த 'அகாதெமி' வேண்டும் என்று வரிசைப்படுத்தச் சொல்வார்கள். அகாதெமி என்பது கல்வி நிர்வாக மண்டலம். ஒரு நகரத்தின் பெயர் இருக்கும், ஆனால் பல மாவட்டங்களை உள்ளடக்கியிருக்கும். கிரெத்தேய் என்று போட்டால் பாரிஸ் மெட்ரோ ஓடும் இடமும் கிடைக்கலாம், சேன்-எ-மார்ன் மாவட்டத்தின் ஏதோ ஒரு கோடியும் கிடைக்கலாம். லீல் என்று போட்டுவிட்டு டன்கர்க் கடற்கரையில் போய் இறங்கியவர்கள் உண்டு. அதனால் வரைபடத்தைத் திறந்து மண்டலம் முழுவதையும் பார்த்துவிட்டு எழுது.

பாரிஸ் மேல் ஆசை இருக்கும். என் கருத்து வேறு. 800 யூரோவில் பாரிஸில் வாடகை கொடுத்துவிட்டுச் சாப்பிடுவது கடினம். சின்ன ஊரில் வாடகை குறைவு. அதைவிடப் பெரிய லாபம் உண்டு: உன்னிடம் ஆங்கிலம் பேசிச் சமாளிக்க அங்கே ஆள் கிடையாது, எனவே உன் பிரெஞ்சு வளரும். நான் நோர்மண்டியில் ஒரு சிறு நகரத்தில் இருந்தேன். ரொட்டிக்கடை அம்மாவும் நூலகத்துக்காரரும் எனக்குப் பிரெஞ்சு கற்றுக்கொடுத்தார்கள்.

பட்டியலில் ரெயூனியன், குவாதலூப், மார்த்தினிக் போன்ற கடல் கடந்த பகுதிகளும் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வம்சாவளியினர் இந்தத் தீவுகளில் வாழ்கிறார்கள். ரெயூனியனில் கோயிலும் தீமிதியும் காவடியும் இன்றும் உண்டு. அவர்களில் பலருக்கு வீட்டு மொழி கிரெயோல்தான். அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு தமிழ்ப் பெண் ஆங்கிலம் சொல்லித்தர நிற்பதற்குத் தனிப் பொருள் உண்டு என்று நினைக்கிறேன். மனம் இருந்தால் அதையும் யோசி.

பெயரும் காகிதமும்

நம் பெண்கள் அதிகம் அவதிப்படுவது இங்கேதான், ஆகவே பொறுமையாகப் படி.

முதலில் உன் பெயர். பிரெஞ்சுப் படிவம் ஒவ்வொன்றிலும் குடும்பப் பெயர், தன் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கோ இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார். அதே வரிசையில், அதே எழுத்துக்கூட்டலில் விசா, வங்கி, காப்பீடு, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் எழுது. ஓரிடத்தில் மாறினாலும் கோப்பு நின்றுவிடும். பள்ளியில் உன்னை 'மதாம்' போட்டு அப்பா பெயரால் கூப்பிடுவார்கள், பழகிக்கொள். வீட்டுக்குப் போன முதல் நாளே தபால் பெட்டியில் அந்தப் பெயரை எழுதி ஒட்டு. பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார், முக்கியமான கடிதங்களோ தபாலில்தான் வரும்.

அடுத்தது பிறப்புச் சான்றிதழ். நம் பழைய சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் இல்லாமல் ஆண், பெண் என்று மட்டும் இருப்பது சகஜம். அப்படியிருந்தால் இப்போதே நகராட்சியிலோ பேரூராட்சியிலோ பெயர் சேர்த்து வாங்கு. அப்பா, அம்மா பெயரும் இருக்க வேண்டும். சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுவதற்கான அபோஸ்டில் முத்திரையை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே போட்டுவிடு. பிரெஞ்சு மொழிபெயர்ப்பை அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம்தான் செய்ய வேண்டும். மருத்துவக் காப்பீட்டு எண்ணுக்கும், காஃப் என்ற அரசு உதவித்தொகை அலுவலகத்தில் வாடகை உதவி கேட்பதற்கும் இந்தச் சான்றிதழ்தான் அடிப்படை.

பள்ளியில் சேர்ந்த அன்றே பணியேற்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடு. 'ப்ரொசே வெர்பால் தன்ஸ்தலாசியோன்' என்று பெயர் சொல்லி அலுவலகத்தில் கேள். அது மண்டல அலுவலகமான ரெக்தோராவுக்குப் போனால்தான் சம்பளப் பட்டியலில் உன் பெயர் ஏறும். கூடவே 'ரிப்' என்கிற வங்கிக் கணக்கு விவரத்தாளும் தர வேண்டும். வங்கிக் கணக்கு திறக்க வீட்டு முகவரி கேட்பார்கள், வீடு பிடிக்க வங்கிக் கணக்கு கேட்பார்கள். இந்தச் சுழலில் மாட்டியவர்கள் பலர். உன்னைக் கவனிக்கப் பள்ளி நியமித்திருக்கும் ஆசிரியரிடம் முதல் சில வாரங்களுக்கு முகவரிச் சான்று எழுதித் தரச் சொல். பெரும்பாலும் தருவார்கள்.

முதல் சம்பளம் தாமதமாகலாம். இரண்டு மாத வாடகை, சாப்பாடு, முன்பணம் மூன்றுக்கும் கையில் பணம் இருக்கட்டும். சாமான்களோடு வாடகைக்கு விடும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகை வரை முன்பணம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. ஜாமீன் போட அங்கே ஆள் இல்லையே என்று கலங்காதே. 'விசால்' என்ற இலவச உத்தரவாதத் திட்டம் 18 முதல் 30 வயது வரையுள்ளவர்களுக்கு உண்டு. சில லீசேக்களில், அதாவது மேல்நிலைப் பள்ளிகளில், விடுதி அறையையே குறைந்த வாடகைக்குக் கொடுப்பார்கள். வேலை உத்தரவு கைக்கு வந்ததும் பள்ளிக்கு மின்னஞ்சல் போட்டு இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நேரில் பார்க்காத வீட்டுக்கு யாருக்கும் பணம் அனுப்பாதே.

போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் நீண்டகால விசாவை இணையத்தில் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். இதைத் தவறவிட்டால் அங்கே தங்கும் உரிமையே சிக்கலாகிவிடும். பேருந்து, ரயில் பாஸ் செலவில் 75 சதவீதத்தைத் திரும்பப் பெறலாம், அதற்கும் ஒரு படிவம் உண்டு. சம்பளச் சீட்டு ஒன்றையும் எறியாதே.

பெட்டியில் என்ன

பெருங்காயம், புளி, மிளகாய்த்தூள், சாம்பார் பொடி, அங்குள்ள அடுப்புக்கு ஏற்ற சிறு குக்கர் போதும். நெய், பால்கோவா, பால் பவுடர் வேண்டாம். வெளியிலிருந்து பயணிகள் பெட்டியில் பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. பாட்டி ஆசையாகக் கட்டித் தந்தாலும் விட்டுவிட்டுப் போ. பாரிஸ் போகும்போது கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பேலில் இறங்கு. ஈழத்தமிழர் கடைகளில் கறிவேப்பிலையிலிருந்து இடியாப்ப மாவு வரை கிடைக்கும்.

கனத்த கோட்டு வாங்கிச் சுமக்காதே. அங்கே எம்மாவுஸ் என்ற பழைய பொருள் கடைகளில் நல்ல பழைய கோட்டு மலிவாகக் கிடைக்கும்.

வகுப்பறையில்

நீ ஆசிரியை இல்லை. இலக்கணம் நடத்த அங்கே ஆசிரியர் இருக்கிறார். பிள்ளைகள் வாயைத் திறக்க வேண்டும், அதுதான் உன் வேலை. முழு வகுப்பையும் உன் தலையில் கட்டிவிட்டு யாராவது வெளியே போனால், பாதி வகுப்பாகப் பிரித்துத் தரும்படி மரியாதையாகக் கேள். வகுப்புகளின் எண்ணும் உன்னைக் குழப்பும். கொலேஜ் என்ற நடுநிலைப் பள்ளியில் சேரும் 11 வயதுப் பிள்ளை 'ஆறாம்' வகுப்பு, அங்கிருந்து ஐந்து, நான்கு, மூன்று என்று இறங்கிக்கொண்டே போகும்.

பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குத் தவறாகப் பேசிவிடுவோமோ என்ற பயம் அதிகம். 20-க்கு எவ்வளவு என்று மதிப்பெண் போட்டுப் போட்டு வளர்ந்தவர்கள். கேள்வி கேட்டதும் மௌனம் வரும், நீயே பதில் சொல்லி அதை நிரப்பிவிடாதே. முதலில் இருவர் இருவராகப் பேசவிடு, பிறகு எல்லோர் முன்னாலும் கேள். ஒவ்வொரு பிழையையும் திருத்தினால் அந்தப் பிள்ளை மறுபடி பேசாது.

உன் ஆங்கிலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லண்டன் உச்சரிப்பை எதிர்பார்க்கும் ஆசிரியர் ஓரிருவர் இருக்கலாம். அதற்காக நாக்கைச் சுழற்றாதே. நம் ஆங்கிலத்தில்தான் உயர்நீதிமன்றம் வழக்கு நடத்துகிறது, மருத்துவக் கல்லூரி பாடம் நடத்துகிறது. உன்னை அழைத்தது நீ வந்த இடத்துக்காகவும்தான். நிதானமாக, தெளிவாகப் பேசு, அது போதும்.

கையில் சில பொருள்களைக் கொண்டுபோ. புது ரூபாய் நோட்டுகள் பத்து வைத்துக்கொள். பின்புறத்துப் பட்டியலில் 15 மொழிகளில் தொகை அச்சாகியிருக்கும், முன்னும் பின்னும் இருக்கும் இந்தி, ஆங்கிலம் தனி. "நீங்கள் இந்தியன் மொழிதானே பேசுவீர்கள்?" என்று கேட்கும் பையனிடம் நோட்டைக் கொடுத்து எழுத்து வடிவங்களை எண்ணச் சொல். கோலம் இன்னொன்று. ஒரு பிள்ளை கையில் ஐந்து புள்ளிக் கோலத்தைக் கொடு, மற்றப் பிள்ளை அதைப் பார்க்காமல், முதல் பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல வரைய வேண்டும். மேலே, கீழே, இடப்பக்கம், சுற்றி வளை, புள்ளியைத் தொடாதே. பேசவே மாட்டார்கள் என்று ஆசிரியர் சொன்ன பிள்ளைகள் கத்திக் கத்திப் பேசியதை நான் பார்த்திருக்கிறேன். பொங்கலும் பள்ளி நடக்கும் நாட்களில்தான் வரும், விடாதே.

சாதியைப் பற்றிக் கேட்பார்கள், லீசே பிள்ளைகள் நேராகவே கேட்பார்கள். அதெல்லாம் பழைய கதை என்று மழுப்பாதே. இருப்பதையும், அதை எதிர்த்துப் போராடியவர்களையும் எளிய ஆங்கிலத்தில் சொல்லத் தயாராகப் போ. உன் நாட்டைத் தாழ்த்துகிறோமோ என்ற சங்கடம் வேண்டாம், பிள்ளைகளுக்கு உண்மை பேசுகிறவர்களைத்தான் பிடிக்கும்.

அரசுப் பள்ளியில் வேலை செய்கிறவர்கள் மத அடையாளம் எதையும் அணியக்கூடாது என்பது அந்த நாட்டின் சட்டம். மாணவர்களுக்கும் 2004 சட்டப்படி பளிச்சென்று தெரியும் மத அடையாளங்களுக்குத் தடை உண்டு. வேலை செய்கிறவர்களுக்கான தடை திருநீறு, சிலுவை, ஹிஜாப் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பொட்டு வைப்பாய் என்றால் சேரும் முன்பே தலைமையாசிரியரிடம் கேட்டுவிடு. இது மனதுக்கு ஒவ்வாது என்றால் விண்ணப்பிக்கும் முன்பே யோசித்து முடிவெடு.

டிசம்பர் இருட்டு

டிசம்பரில் பாரிஸ் பக்கமே காலை எட்டரைக்கு மேல்தான் விடியும், மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். வாரத்தில் 12 மணி நேரம்தான் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை சின்ன ஊரில் கடையும் பேருந்தும் இருக்காது. தனிமை அப்போதுதான் வரும். ஆகவே அக்டோபரிலேயே நகர மன்ற அலுவலகத்தில் ஊர்ச் சங்கங்களின் பட்டியலை வாங்கிப் பாட்டு, நடை, தையல், பேட்மின்டன் என்று ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிடு. பிரெஞ்சுக்காரர்கள் வீட்டுக்கு அழைக்க நாள் எடுப்பார்கள், சங்கத்தில் சீக்கிரம் பழகுவார்கள். பகலில் வெளியே நட. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைப்பார்கள், அதன்பின் அம்மாவுக்கும் உனக்கும் நான்கரை மணி நேர வித்தியாசம். பேசும் நேரத்தை மாற்றிக்கொள். சுமார் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு வார விடுமுறை வரும். 27 வயது வரை 49 யூரோவுக்கு ரயில் சலுகை அட்டை வாங்கலாம், டிக்கெட்டில் 30 சதவீதம் குறையும்.

யாராவது தொல்லை கொடுத்தால், அது பள்ளிக்குள்ளேயே என்றாலும், சகித்துக்கொண்டு இருக்காதே. 17 போலீஸ், 15 மருத்துவ அவசரம், பெண்கள் மீதான வன்முறைக்கு 3919. மூன்றையும் போனில் பதிந்து வை.

அடுத்த அக்டோபரில் போக வேண்டுமென்றால் விண்ணப்பம் முந்தைய குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். தேதியும் வயது வரம்பும் மாறக்கூடியவை, பிரெஞ்சுத் தூதரகத்தின் அறிவிப்பை நீயே பார். பிறப்புச் சான்றிதழை மட்டும் இந்த வாரமே எடுத்துப் பார்த்துவிடு, பெயர் சேர்க்கத்தான் அதிக நாள் பிடிக்கும்.