புதன்கிழமை சாயங்காலம், பேக்கரியில் வினாடி வினா

பாப்பா,

போன ஞாயிறு நீ போனில் கேட்டபோது அடுப்பில் பால் இருந்தது, சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "அக்கா, கடையில வாரம் ஒரு நாள் க்விஸ் வைக்கலாம்னு இருக்கோம், திண்டிவனத்துல கூட்டம் வருமா?" என்று கேட்டாய். வரும். முதல் வாரம் சொந்தக்காரர்களும் பக்கத்துக் கடைக்காரர்களும் வந்து நிரப்பிவிடுவார்கள். நீ பார்க்க வேண்டியது நாலாவது வாரத்தை. இங்கே விழுப்புரத்தில், எங்கள் தெரு வாசகசாலை மாடியில் மூன்று வருஷம் நடத்தியவள் என்பதால் சொல்கிறேன். எனக்கு முதல் வாரம் 22 பேர் வந்தார்கள், இரண்டாம் வாரம் 5 பேர். அந்த 17 பேர் ஏன் திரும்பி வரவில்லை என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதம் உனக்கு மிச்சமாகட்டும்.

முதலில் நாளைச் சொல்கிறேன். வாரா வாரம் கடையில் உட்கார்ந்து வினாடி வினா ஆடும் பழக்கம் இங்கிலாந்து மதுக்கடைகளில் வளர்ந்தது. 1976-ல் ஷரோன் பர்ன்ஸ், டாம் போர்ட்டர் என்ற இருவர் கேள்வித்தாள் தயாரித்துக் கடை கடையாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். வியாபாரம் மந்தமாக இருக்கும் ராத்திரிகளில் மேசைகளை நிரப்புவதுதான் நோக்கம். நம் ஊரில் மதுக்கடைக்கு யாரும் குடும்பத்தோடு போய் உட்காரப் போவதில்லை. நமக்கு அந்த இடம் டீக்கடையும் பேக்கரியும்தான். அதனால் நீயும் கல்லா நோட்டை எடுத்து, எந்த நாள் மாலை ஏழு மணிக்கு மேல் கடை வெறிச்சோடுகிறது என்று பார். நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் புதன்கிழமை என்று நினைக்கிறேன். கூட்டமான நாளில் வைத்தால் பஃப்ஸ் கேட்டு நிற்பவருக்கும் இடைஞ்சல், பதில் யோசிப்பவருக்கும் இடைஞ்சல்.

ஒரு நாளைப் பிடித்துவிட்டால் அதை மாற்றவே கூடாது. சென்னையில் கண் மருத்துவர் நவீன் ஜெயக்குமார் நடத்திய லேண்ட்மார்க் வினாடி வினா நினைவிருக்கிறதா? பல வருஷம் அது ஆகஸ்ட் 15 அன்றுதான். மூன்று பேர் சேர்ந்தால் ஒரு அணி. பள்ளிக்கூடப் பிள்ளையும் ஓய்வு பெற்றவரும் ஒரே அரங்கில் உட்கார்ந்து எழுதுவார்கள். கொடியேற்றி முடிந்ததும் கால் தானாக அங்கே போகும் அளவுக்கு அந்தத் தேதி ஊறிப்போயிருந்தது. உன் புதன்கிழமையும் அப்படி ஆக வேண்டும். முகூர்த்த நாள் வரும், மழை வரும். புதனில் அமாவாசை விழுந்தால் பாதி ஊர் மேல்மலையனூர் பஸ்ஸில் இருக்கும். அன்றைக்கு ஆறு பேர்தான் வந்தாலும் நடத்து. ஒரு தடவை ரத்து செய்தால், அடுத்த வாரம் கிளம்பும் ஒவ்வொருவரும் "இன்னிக்கு உண்டா, இல்லையா?" என்று யோசிப்பார்கள். அந்த யோசனையிலேயே பாதிப் பேர் வீட்டில் தங்கிவிடுவார்கள்.

ஆறரைக்கு ஆரம்பித்து எட்டுக்கு முடித்துவிடு. மயிலம், தீவனூர், ஓலக்கூர், மரக்காணம் பக்கம் போகிறவர்களின் பஸ் நேரத்தை முதலில் விசாரித்து வைத்துக்கொள். நான் செய்த முதல் தப்பு இதுதான். ஐம்பது கேள்வி தயாரித்து எட்டே முக்கால் வரை இழுத்தேன். கடைசிச் சுற்றில் பத்துப் பேர் வாசலைப் பார்த்தபடியே பதில் எழுதினார்கள். நாலு சுற்று, சுற்றுக்கு எட்டு கேள்வி, இரண்டாவது சுற்று முடிந்ததும் கால் மணி நேரம் டீக்கு இடைவேளை. போதும். கடைக்கு வியாபாரம் நடப்பதும் அந்தக் கால் மணியில்தான்.

இரண்டாவது தப்புதான் பெரிய தப்பு. என் கேள்விகளில் பரீட்சை வாசனை அடித்தது.

நம் இரண்டு ஊரிலும் டிஎன்பிஎஸ்சி படிக்கும் பிள்ளைகள் இல்லாத தெரு உண்டா? கேள்வி என்றாலே அவர்களுக்கு ஓஎம்ஆர் தாளும் கட்ஆஃபும்தான் ஞாபகம் வரும். பகலெல்லாம் மாதிரித் தேர்வு எழுதிவிட்டு வருபவனிடம் மாநில மரம் எது, மாநிலப் பறவை எது என்று கேட்டால் அவன் உடனே எழுதிவிடுவான். பக்கத்தில் இருக்கும் அவன் அம்மா வாயைத் திறக்க மாட்டார். ஒருவன் மட்டும் எழுத, மூன்று பேர் வேடிக்கை பார்த்தால் அந்த மூன்று பேரும் அடுத்த வாரம் வர மாட்டார்கள். என்னுடைய 17 பேர் அப்படித்தான் போனார்கள்.

அதனால் கேள்வி தயாரிக்கும்போது ஒன்றை மட்டும் உன்னையே கேட்டுக்கொள்: நாலு பேர் கூடிப் பேசினால் இந்தப் பதில் வந்துவிடுமா? ஒருவருக்கு நேராகத் தெரிந்திருக்கக் கூடாது, ஆனால் ஆளுக்கொரு துண்டு தெரிந்திருக்க வேண்டும்.

உதாரணம் சொல்கிறேன். "திண்டிவனம் என்ற பெயருக்குள் ஒரு மரம் ஒளிந்திருக்கிறது. அதன் பழம் இல்லாமல் உங்கள் வீட்டில் ரசம் வைக்க மாட்டார்கள். எந்த மரம்?" திந்திரிணி என்றால் புளி என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ரசம் என்று சொன்னதுமே அம்மாக்கள் பிடித்துவிடுவார்கள். அவர்கள் கையில் பேனா வந்துவிடும். இது முதல் சுற்றின் முதல் கேள்வியாக இருக்கட்டும். எல்லா மேசையிலும் சரியாக எழுதினாலும் பரவாயில்லை, அதற்குத்தான் அந்தக் கேள்வி.

இன்னொன்று. "நம் மாவட்டத்தில் ஓர் இடத்தில் மரங்கள் கிடக்கின்றன. கோடாலி போட்டால் கோடாலிதான் உடையும், அடுப்பில் வைத்தால் எரியாது. எந்த ஊர்?" திருவக்கரை. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் தேசியப் பூங்கா. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போனவர்கள் எல்லா மேசையிலும் இருப்பார்கள். கோயிலுக்குப் போனவர் ஊரைச் சொல்வார், அறிவியல் படித்த பிள்ளை மரம் கல்லாவதைச் சொல்லும். அந்த மேசையைப் பார், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அந்தச் சத்தத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

சென்னையில் இருக்கும் ஒரு பெரிய அரசு மருத்துவமனையை மொத்தச் சென்னையும் திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்தின் பெயரால் கூப்பிடுகிறது, எது என்று கேள். ஓமந்தூரார். நாடு சுதந்திரம் அடைந்த நாளில் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் என்பதைப் பதில் சொல்லும்போது சேர்த்துச் சொல். கேள்விக்குள் அதைத் திணிக்காதே. விடை தெரிந்த பிறகுதான் கதை கேட்கப் பிடிக்கும். அதேபோல, தினமும் வண்டியில் கடந்து போகும் கிடங்கலைப் பற்றிக் கேள். சிறுபாணாற்றுப்படையில் பாடப்பட்ட நல்லியக்கோடனின் ஊர் கிடங்கில் இந்தக் கிடங்கல்தான் என்று சொன்னால், அங்கே வீடு இருப்பவர் முகம் எப்படி மாறுகிறது என்று நீயே பார்ப்பாய்.

செஞ்சிக் கோட்டையை விட்டுவிடாதே. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியக் கோட்டைகள் 12 சேர்ந்தன. அதில் 11 மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று செஞ்சி. பள்ளிப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். பெரியவர்களுக்கு ராஜா தேசிங்கு கதை தெரிந்திருக்கும். இரண்டையும் இணைத்து ஒரு கேள்வி போடு.

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து எத்தனை திசைக்கு ரயில் பாதை பிரிகிறது என்று நான் ஒரு வாரம் கேட்டேன். மூன்று என்றார்கள், நாலு என்றார்கள். அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் விரல் விட்டு எண்ணினார்: செங்கல்பட்டு, புதுச்சேரி, கடலூர், விருத்தாசலம், காட்பாடி. ஐந்து. அன்று முதல் அவர் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஆளைப் பார்த்துக் கேள்வி வைப்பது தப்பே இல்லை, பாப்பா. ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஓர் அணி வந்தால் ஊர்ச்சாலையைப் பற்றி ஒரு கேள்வி இருக்கட்டும். உப்பளத்தில் வேலை செய்தவர் வந்தால் மரக்காணத்து உப்பைப் பற்றி.

சினிமா இல்லாமல் முடியாது. மூன்றாவது சுற்றை அதற்கு ஒதுக்கு. ஆனால் எந்த வருஷம், எத்தனை நாள் ஓடியது என்றெல்லாம் கேட்காதே. பல்லவி தொடங்குவதற்கு முன்னால் வரும் இசையைப் பத்து நொடி ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஓடவிடு. அது எந்தப் பாட்டு என்று அறுபது வயதுக்காரரும் எழுதுவார்.

இரண்டு அணி சமமாக வந்துவிட்டால் எண்ணைக் கேள், யார் கிட்டத்தில் வருகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ராஜேந்திர சோழன் காலத்தில் நம் எண்ணாயிரம் கோயிலில் நடந்த கல்லூரியில் எத்தனை மாணவர்கள் என்று கேட்டேன். 50 என்றார்கள், 1000 என்றார்கள். கல்வெட்டுச் சொல்லும் எண்ணிக்கை 340.

கேள்வியை வாயால் படிப்பதோடு விடாதே, வெள்ளை அட்டையில் பெரிதாக எழுதிக் காட்டு. ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி'யில் 2020-ல் ஒரு கோடி ரூபாய் வென்ற மதுரை கௌசல்யா காது கேளாதவர், பேச இயலாதவர். அவரைப் போன்ற ஒருவர் உன் கடைக்கு வந்தால், நீ படித்துவிட்டுப் போனதை அவர் எப்படித் தெரிந்துகொள்வார்? அதோடு பேக்கரியில் மிக்ஸி ஓடும், வெளியே பஸ் ஹார்ன் அடிக்கும். காது நன்றாகக் கேட்பவருக்கும் அட்டை உதவும்.

அணிக்கு நாலு பேர், மிஞ்சினால் ஐந்து. தனியாக வருபவரைத் தனியாக உட்கார விடவே கூடாது. நீயே கூட்டிப் போய் மூன்று பேர் இருக்கும் மேசையில் அறிமுகம் செய்து உட்கார வை. அணிப் பெயரை அவர்கள் விருப்பத்துக்கு விட்டால் கட்சிப் பெயரும் நடிகர் பெயரும் வரும், சில நேரம் சாதியும் வரும். நம் மாவட்டத்தில் அது எங்கே போய் முடியும் என்று உனக்குத் தெரியும். நான் ரயில் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டேன்: வைகை, பல்லவன், சோழன், உழவன், மலைக்கோட்டை. வாரா வாரம் சீட்டு மாறும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

செல்போனைப் பிடுங்கி வைக்காதே. வீட்டில் குழந்தையை விட்டு வந்த பெண் போன் இல்லாமல் நிம்மதியாக உட்கார மாட்டாள். மேசை நடுவில் ஒரு எவர்சில்வர் தட்டு வை, எல்லா போனும் அதில் கவிழ்ந்து கிடக்கட்டும். மணி அடித்தால் எடுத்துப் பேசிவிட்டு வரலாம். விடைத்தாளைப் பக்கத்து மேசைக்கு மாற்றிக் கொடுத்துத் திருத்தச் சொல். உனக்கு வேலை மிச்சம், அவர்களுக்கும் பேச ஒரு காரணம் கிடைக்கும்.

விடையில் நீ தவறுவாய், அதற்குத் தயாராக இரு. ஒரு கைடு புத்தகத்தை நம்பி நான் ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொன்னேன். ஒரு தமிழாசிரியர் எழுந்து மறுத்தார். எனக்கு முகம் சிவந்தது, பிடிவாதமாக "இதுதான் விடை" என்றேன். வீட்டுக்கு வந்து வேறு புத்தகத்தில் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அடுத்த வாரம் எல்லார் முன்னாலும் சொல்லி அவர் அணிக்கு மதிப்பெண் கொடுத்தேன். அதற்குப் பிறகு இரண்டு இடத்தில் பார்க்காத எதையும் நான் கேட்டதில்லை. யாராவது மறுத்தால், "அடுத்த புதன் பார்த்துச் சொல்றேன்ங்க" என்று சொல், சொன்னபடி பார்த்தும் சொல்.

பரிசாகப் பணம் வேண்டாம். பணம் வைத்தால் அதற்கென்றே ஒரு கெட்டிக்கார அணி வந்து வாரா வாரம் ஜெயித்துவிட்டுப் போகும். ஜெயித்த அணிக்கு அடுத்த புதன்கிழமை டீயும் பன் பட்டர் ஜாமும் இலவசம் என்று சீட்டு எழுதிக் கொடு. அதை வாங்கவாவது திரும்பி வருவார்கள். கடைசி இடம் வந்தவர்களுக்கு அடுத்த வாரத்து ஒரு சுற்றின் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடு. ஒரே அணி மூன்று வாரம் தொடர்ந்து ஜெயித்தால், நாலாவது வாரம் ஒரு சுற்றுக்கு அவர்களையே கேள்வி தயாரிக்கச் சொல். பெருமையாக ஒத்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்கும் வழி திறக்கும்.

கூட்டம் சேர்க்க ஃப்ளெக்ஸ் அடிக்காதே, வீண் செலவு. கடை வாசலில் ஒரு கரும்பலகை வாங்கி மாட்டு. வியாழன் காலையில் ஒரே ஒரு கேள்வி எழுது, "விடை புதன் ஆறரைக்கு" என்று கீழே போடு. டீ குடிக்க நிற்பவர்கள் அதைப் பற்றிப் பேசாமல் போக மாட்டார்கள். யார் பதில் சொல்லிப் பார்க்கிறார்களோ அவர்களிடம் "ஒரு டீம் கூட்டிட்டு வாங்கண்ணா" என்று நேராகக் கேள். "எல்லாரும் வாங்க" என்று பொதுவாகக் கூப்பிட்டால் ஒருவரும் வர மாட்டார்கள். "உங்க டீமுக்கு மூணாவது மேசை வச்சிருக்கேன்" என்றால் நாலு பேரோடு வருவார்கள். நூலகத்துக்கு வரும் பிள்ளைகள், காலை நடைக்குப் போகும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், இ-சேவை மையத்துப் பெண்கள், இந்த மூன்று இடத்தையும் நீயே நடந்து போய்ப் பார்.

பெண்கள் வந்தால்தான் இது நிலைக்கும் என்பது என் எண்ணம். பாத்ரூம் சுத்தமாக, தாழ்ப்பாள் சரியாக இருக்கட்டும். வாசல் விளக்கு எரியட்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டோ போடும் முன் ஒவ்வொருவரிடமும் கேள். ஒரு பெண் வேண்டாம் என்றால் ஸ்கோர் பலகையை மட்டும் படம் எடுத்துப் போடு.

வரும் புதன் நானும் மதிய பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். கேள்வித்தாளை என்னிடம் காட்டிவிடாதே, நானும் ஆட வேண்டும். மூன்று பேர் மட்டும் இருக்கும் மேசை எதிலாவது என்னை உட்கார வை.