பாலத்தில் ஓட்டம், பெலெமில் பந்தி

அரை மாரத்தான் ஓடுவதற்காக வெளிநாடு போகிறேன் என்றால், "இங்கே ரோடா இல்லை?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். ஊரைப் பார்த்து, 21 கிலோமீட்டர் ஓடி, அந்த ஊர்ச் சாப்பாட்டை ருசித்துவிட்டு வருவது அருமையான பயணம் என்பதே என் கட்சி. இதைப் பற்றி உலவும் சில தவறான நம்பிக்கைகளை, மார்ச் மாதத்தில் நடக்கும் லிஸ்பன் அரை மாரத்தானை வைத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: பந்தயமெல்லாம் வேகமாக ஓடுகிறவர்களுக்குத்தான்.

உண்மை: 1991இல் தொடங்கிய இந்த ஓட்டத்துக்கு வரும் ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் பரிசுக்காக வருவதில்லை. அவர்களை இழுப்பது டேகஸ் ஆற்றின் மேல் 1966இல் திறக்கப்பட்ட 'ஏப்ரல் 25' பாலம். நீளம் 2,277 மீட்டர். நடைபாதை கிடையாது, மற்ற நாட்களில் வாகனமும் ரயிலும்தான் போகலாம். பந்தயத்தன்று மட்டும் தென்கரையிலிருந்து கால்நடையாக நகருக்குள் நுழையலாம். ஆறு சுமார் 70 மீட்டர் கீழே ஓடும்.

ஒரு விசேஷம் உண்டு. தொடக்க இடத்துக்கும் முடிவிடத்துக்கும் இடையே இறக்கம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டரைத் தாண்டினால் உலக சாதனை செல்லாது. அதாவது அரை மாரத்தானில் 21 மீட்டர்தான் இறங்கலாம். அவ்வளவு உயரப் பாலத்திலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கினால் கணக்கு உதைக்கும். 2021இல் உகாண்டாவின் ஜேக்கப் கிப்ளிமோ 57 நிமிடம் 31 விநாடியில் அன்றைய உலக சாதனையைப் படைத்தது லிஸ்பனில்தான். அப்படிப்பட்ட சாதனை செல்ல வேண்டுமானால் பாலத்தை விட்டுவிட்டுத்தான் ஓடியாக வேண்டும். பாலத்தின் மேல் ஓடும் சுகம் சாதாரண ஓட்டக்காரர்களுக்கே வாய்க்கிறது. எத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதை மட்டும் பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சியே இல்லாமல் போய் நிற்காதீர்கள்.

நம்பிக்கை: முதல் நாள் இரவு வயிறு முட்டச் சாப்பிட்டால்தான் மறுநாள் தெம்பு இருக்கும்.

உண்மை: ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்கள், அதற்கு முந்தைய ஓரிரு நாட்களில் சோறு, ரொட்டி போன்றவற்றைச் சற்றுக் கூட்டிக்கொள்வது நல்லது. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற எரிபொருள் சேர அது உதவும். எல்லாவற்றையும் ஒரே இரவில் திணித்தால் தூக்கமும் கெடும், காலையில் வயிறும் கனக்கும். பழக்கமில்லாத பண்டத்தை அன்று தொடவே வேண்டாம். கீரையும் உருளைக்கிழங்கும் போட்டு, மேலே பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும் 'கால்டு வெர்டே' சூப் எவ்வளவு மணத்தாலும் ஒரு நாள் பொறுங்கள். ஐரோப்பாவில் தலைக்கு அதிக அரிசி சாப்பிடும் நாடு போர்ச்சுகல். சின்ன உணவகத்திலும் சோறு கிடைக்கும். சோறும், தணலில் வாட்டிய கோழித் துண்டும் போதும்.

நம்பிக்கை: தண்ணீரை எவ்வளவு குடிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

உண்மை: இது ஆபத்தான நம்பிக்கை. 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது அளவுக்கு மீறிக் குடித்து உடல் எடை கூடியதே முக்கியக் காரணமாகத் தெரிந்தது. சோடியம் மிகவும் இறங்கினால் வலிப்பு வரும், உயிரே போகலாம். தாகம் எடுத்தால் குடியுங்கள். அது போதும்.

நம்பிக்கை: ஓடுகிறவர்கள் இனிப்புப் பக்கமே போகக்கூடாது.

உண்மை: 60 கிலோ எடையுள்ளவர் 21 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 1,250 கலோரி செலவாகும். தீர்ந்த கிளைக்கோஜனை நிரப்ப மாவுச்சத்தும், தசையைச் சீர்செய்யப் புரதமும் வேண்டும். ஓட்டம் முடிவது பெலெம் பகுதியில், ஜெரோனிமோஸ் மடாலயத்தின் முன்பு. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் 1837 முதல் இயங்கும் 'பாஸ்டெய்ஸ் டி பெலெம்' கடை. உள்ளங்கைக்குள் அடங்கும் கிண்ணம் போன்ற பலகாரம். ஓரமெல்லாம் மெல்லிய மாவு அடுக்குகள், நடுவே முட்டை மஞ்சள்கருவும் பாலும் சர்க்கரையும் சேர்ந்த பாகு. கடும் சூட்டில் வேகும்போது மேற்பரப்பில் கருப்புத் திட்டுகள் விழும். அது தீய்ந்துபோனதல்ல, பதம். பட்டைத்தூளைத் தூவிக்கொண்டு சூடாகக் கடித்தால் ஓரம் நொறுங்கி மடியில் கொட்டும். இரண்டு சாப்பிடுங்கள், தயக்கமே வேண்டாம். மத்தி மீனுக்கு மட்டும் ஆசைப்பட வேண்டாம். அது கொழுத்து ருசியேறுவது ஜூன் வாக்கில்தான்.

நம்பிக்கை: மறுநாள் கால் வலிப்பது லாக்டிக் அமிலம் தேங்குவதால்.

உண்மை: அந்த அமிலம் ஓடி முடித்த ஓரிரு மணி நேரத்தில் ரத்தத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். வலிக்குக் காரணம் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதையொட்டிய அழற்சியும். இறக்கத்தில் ஓடும்போது தொடைத் தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்குவதால் சேதம் கூடும். ஒன்று முதல் மூன்று நாள் வரை வலி உச்சத்தில் இருக்கும். படி இறங்கும்போதுதான் அதிகம் தெரியும். ஆகவே லிஸ்பனின் அல்ஃபாமா பகுதியிலுள்ள படிக்கட்டுச் சந்துகளைப் பயணத்தின் கடைசி நாளுக்குத் தள்ளிவையுங்கள். ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை, திங்களன்று ஜெரோனிமோஸும் மூடியிருக்கும். அன்று காலையிலேயே மார்ட்டிம் மோனிஸில், தொடக்க நிறுத்தத்திலேயே 28ஆம் எண் டிராமில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். மேட்டையெல்லாம் உட்கார்ந்தபடியே சுற்றிவிட்டு, மதியம் 'பக்கல்யாவ் அ ப்ராஸ்' சொல்லுங்கள்: உப்புக்கண்டம் போட்ட காட் மீனை உதிர்த்து, குச்சிகுச்சியாகப் பொரித்த உருளைக்கிழங்கோடும் முட்டையோடும் கிளறி, மேலே கருப்பு ஆலிவ் தூவி வரும்.