காற்றின் அளவும் அதன் ஆபத்தும்



கோடையில் காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் போகும்போது, வறண்ட மணலில் சின்னச் சுழல்காற்று குப்பையைத் தூக்கிச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். பெரும்பாலும் யாருக்கும் கேடில்லை.

இடிமேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் டொர்னாடோ என்னும் சுழல்காற்று வேறு. பெரும்பாலானவை சில நூறு மீட்டர் அகலத்துக்குள் அடங்கும். சில நிமிடங்களில் முடியும். கடுமையானவற்றில் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். அமெரிக்காவில் ஆண்டுக்கு 1,000க்கும் மேல் வருகின்றன. வங்கதேசத்தில் அதைவிட மிகக் குறைவு.

ஆனால் கவனியுங்கள். பதிவானவற்றில் மிக அகலமானது 2013 மே 31 அன்று அமெரிக்காவின் எல் ரெனோ அருகே வீசியது. அகலம் சுமார் 4 கிலோமீட்டர். பெரும்பாலும் வெட்டவெளியில் வீசியதால் இறந்தவர்கள் 8 பேர். 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் சாட்டூரியா பகுதியில் வீசியது அதைவிடச் சிறியது. அதில் இறந்தவர்களோ சுமார் 1,300 பேர்! நெருக்கமான குடியிருப்பு, பலமில்லாத வீடுகள். ஆபத்தைப் பெரிதாக்கியது காற்றின் அகலமல்ல, மக்களின் நிலை.

ஆது கூட்டத்தார் மேகத்தைக் கண்டு மழை வருகிறது என்று மகிழ்ந்தார்கள். வந்ததோ ஏழு இரவும் எட்டுப் பகலும் வீசிய காற்று. அதை நினைத்தே, கருமேகம் கண்டால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும். தோற்றத்தை வைத்து நாம் அலட்சியமாக இருக்கலாமா?

நம் ஊரில் டொர்னாடோ அபூர்வம். நமக்கு வருவது கடலில் உருவாகி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவி வரும் புயல். 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினம் அருகே கரையைக் கடந்த புயலின் மழை, திருச்சியை வெள்ளத்தில் மூழ்கடித்தது. கடல் நமக்குத் தூரம் என்ற தைரியம் கைகொடுக்கவில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதல். இன்று அஸருக்குப் பிறகு உங்கள் தெருவில் தகரக் கூரை எத்தனை, ஆற்றோரக் குடிசை எத்தனை என்று பாருங்கள். தளர்ந்த தகரத்தை இறுக்கிக் கட்ட உதவுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால், எந்த மதத்தவரானாலும் பள்ளிவாசல் கூடத்தில் தங்க இடம் கொடுங்கள். காற்றைத் திட்டாதீர்கள், அதன் நன்மையைக் கேட்டு துஆ செய்யுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக! ஆமீன்.