யத்தீமை வளர்க்கும் வீட்டுக்குத் துணை

8 வயதில் பாட்டனாரையும் இழந்த நபி (ஸல்) அவர்களை வளர்த்தவர் பெரிய தந்தை அபூதாலிப். பிள்ளைகள் நிறைந்த, வசதி குறைந்த வீடு அது. பின்னாளில் பஞ்சம் வந்தபோது நபியவர்கள் அலி (ரலி) அவர்களையும், அப்பாஸ் (ரலி) அவர்கள் ஜஃபர் (ரலி) அவர்களையும் ஏற்று அவர் சுமையைக் குறைத்தார்கள். நபியவர்கள் வீட்டில் வளர்ந்தும் அலி இப்னு அபீதாலிப் என்ற பெயர் மாறவில்லை. வளர்ப்புப் பிள்ளைகளைத் தந்தை பெயராலேயே அழைக்கச் சொல்கிறது அல்குர்ஆன் (33:5). பள்ளிப் படிவத்திலும் பெற்ற வாப்பாவின் பெயரே இருக்கட்டும்.

பீடி சுற்றிக்கொண்டே தங்கை பிள்ளையையும் வளர்க்கும் பெண்கள் நம் மஹல்லாக்களில் உண்டு. பெருநாளைக்குச் சட்டை கொடுத்துவிட்டுப் போவது எளிது. “என் உம்மா எங்கே?” என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது என்பதை, ஏற்கெனவே வளர்த்தவர்களோடு அவர்கள் உட்கார்ந்து பேச மாதம் ஒரு மாலை ஜமாஅத் இடம் தரலாம். உறவில்லாத பிள்ளையை ஏற்க விரும்புவோர் குழந்தைகள் நலக் குழு வழியாகவே செல்ல வேண்டும்.